முக்கொம்புப் படத்தில் நான்காவது ஆள்

மறந்துபோகவில்லை. அழித்தேன். தவறி விடுபட்டதா என்று நீ கேட்டபோது போனிலேயே ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நீயும் அதைத்தான் விரும்பினாய், குரலில் தெரிந்தது. "ஸ்கேன் பண்றப்போ ஏதாவது ஆயிடுச்சாம்மா?" ஸ்கேன் செய்யும்போது தூசி விழும், கீறல் விழும். ஒரு மனுஷி விழுந்துவிட மாட்டாள். குக்கர் சத்தம் போடுகிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். குக்கர் வைக்கவே இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். பேச்சென்றால் நான் தப்பித்துவிடுவேன். நாற்பது பெண்கள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் முப்பது வருஷம் பேசியவள்.

உன் கல்யாணத்துக்கு நான் கொடுத்த பெரிய படம், முக்கொம்பில் ஆடிப்பெருக்கு அன்று எடுத்தது. உனக்கு ஆறு வயது. எடுத்த அன்று அதில் நான்கு பேர் நின்றோம். உன் அப்பா, நீ, உன் அத்தை வசந்தா, நான். உன் புனே வீட்டுச் சுவரில் மூன்று பேர் நிற்கிறோம். பதினோரு நாள் அது அங்கே தொங்கியிருக்கிறது. அதற்கு முன்னால் மண்டபத்தில் ஒரு முழு நாள் உன் கண்ணெதிரே ஸ்டாண்டில் இருந்தது. நீ பார்க்கவில்லை. வந்து ஒரு மாதம்கூட ஆகாத உன் மனைவி திவ்யாதான் பார்த்திருக்கிறாள். "இதுல உங்க கை ஏன் மூடியிருக்கு? எதைப் புடிச்சிருக்கீங்க?" அவள் கேட்ட பிறகுதான் உனக்கு அத்தையின் ஞாபகம் வந்தது. உன்னைத் தூக்கி வளர்த்தவளின் ஞாபகம். இதைச் சொல்லிக்காட்டாமல் மேலே எழுத எனக்கு மனம் வரவில்லை. நீயும் நானும் ஒரே ரகம்தான். நான் கொஞ்சம் கூடுதலாக உழைத்தேன், அவ்வளவு.

நீ இரண்டு விஷயம் கேட்டாய். தையில் அத்தை உன் வீட்டுக்கு வருவதற்குள் சரியான படத்தை அச்சடித்து அனுப்ப வேண்டும், அவள் சுவரில் இருப்பதைப் பார்த்தால் செத்துவிடுவாள் என்றாய். அடுத்த மூச்சில், நீயும் பிரிண்டர் வாங்கிவிட்டாய், உன் கல்யாணப் படங்களை நீயே போடப்போகிறாய், என்னைப்போல் எப்படிப் போடுவது என்றாய். இரண்டையும் ஒரே குரலில் கேட்டாய். பின்னதுக்கு முதலில் பதில் சொல்கிறேன். அது சுலபம்.

ஸ்கிரீனின் வெளிச்சத்தைப் பாதிக்குக் கீழே இறக்கு. மந்தமாகத் தெரியும், பழகிக்கொள். ஸ்கிரீன் தானே ஒளி விடுகிறது. தாள் அறையில் இருக்கிற ஒளியைத்தான் திருப்பித் தரும். பளிச்சென்ற ஸ்கிரீனைப் பார்த்துச் சரிசெய்த படம் தாளில் இருண்டு வரும், நீ பிரிண்டரைத் திட்டுவாய். அடுத்து, எந்தத் தாள் வாங்குகிறாயோ அந்தத் தாளைத் தயாரித்தவர்கள் கொடுக்கும் புரொஃபைலை இறக்கிக்கொள். அந்தத் தாள் எந்த நிறத்தை எப்படிக் காட்டும் என்கிற கணக்கு அது. நிறத்தைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளட்டும், பிரிண்டர் தன் பங்குக்குத் திருத்துவதை நிறுத்திவிடு. இரண்டும் சேர்ந்து திருத்தினால் எல்லா முகமும் கத்தரிப்பூ நிறத்தில் வரும். உன் முதல் பிறந்தநாள் படத்தை அப்படி மூன்று தடவை போட்டுக் கிழித்தேன். வாரத்துக்கு ஒரு முறையாவது ஏதாவது அச்சடி, சும்மா கிடந்தால் இங்க் காய்ந்து அடைத்துக்கொள்ளும். பெரிதாகப் போடுவதற்கு முன்னால் ஒரு சிறு துண்டு மட்டும் போட்டுப் பார். முகம் இருக்கிற துண்டு. ஆகாயத்தைப் போட்டுப் பார்த்து ஏமாறாதே, ஆகாயம் எப்படி வந்தாலும் ஆகாயம். அந்தத் துண்டை டியூப்லைட்டில் பார்க்காதே. ஜன்னலருகே கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்.

பளபளப்பில்லாத மேட் தாளில் பெரும்பாலும் ஒரு பக்கத்துக்குத்தான் இங்க்கைப் பிடிக்கும் பூச்சு இருக்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. விரல் நுனியை லேசாக ஈரமாக்கி ஓரத்தைத் தொட்டால் பூச்சுள்ள பக்கம் ஒட்டும். இது என் கண்டுபிடிப்பு என்று கல்லூரிப் பெண்களுக்குப் பயிற்சி நடத்தியபோது சொன்னேன், அவர்கள் எழுதிக்கொண்டார்கள். கண்டுபிடித்தவள் வசந்தா. நான் மாடி அறையில் தாளைப் புரட்டிப் புரட்டி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன், வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவள். அவள் வற்றல் எடுக்க மாடிக்கு வந்தவள். "குடுங்கண்ணி" என்று வாங்கி ஓரத்தைத் தொட்டாள். "இந்தப் பக்கம்தான். விரலைப் புடிச்சுக்குது பாருங்க." அதற்கு முந்தின வாரம் ஐந்து தாளைப் பின்பக்கத்தில் அச்சடித்து, கறுப்பெல்லாம் சாம்பலாகப் பரவி, தாள் சரியில்லை என்று விற்றவருக்கு நீளமாக மெயில் எழுதியிருந்தேன். அந்த மெயிலைத் திரும்ப வாங்கவில்லை. அவள் பெயரையும் எங்கும் சொல்லவில்லை.

உன் அப்பா பேங்கில் இருந்தவர். ராகுகாலம் பார்க்க மாட்டார், பூனை குறுக்கே போனால் சிரிப்பார். ஆனால் மூன்று பேராக நின்று படம் எடுக்க விடமாட்டார். நடுவில் நிற்பவருக்கு ஆகாதாம். நடுவில் நிற்பது எப்போதும் நீ. அதனால் நானும் வாதாடியதில்லை. வகுப்பில் மூலக்கூறுகளைப் பற்றிப் பேசிவிட்டு வந்து வீட்டில் நான்காவது ஆளைத் தேடுவேன். நம் வீட்டில் மூன்று பேர், வசந்தாவைச் சேர்க்காமல். ரேஷன் கார்டிலும் படத்திலும் மட்டும் அவளைச் சேர்த்து எண்ணுவோம். அவள் நம்மிடம் வந்தபோது உனக்கு ஒரு வயது. அதற்கு முன் நாம் எடுத்த படங்களைப் பார், நான்காவதாகப் பக்கத்து வீட்டுக்காரர், பால்காரர், ஒரு படத்தில் யாரென்றே தெரியாத ஒரு போலீஸ்காரர். அவள் வந்தபின் தேடும் வேலை மிச்சம்.

முக்கொம்பில் அன்று கூட்டம். ஆற்றில் இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர். நான் ஸ்டாண்டில் கேமராவை வைத்து டைமரைத் திருப்பப் போனேன். உன் அப்பா, "மூணு பேரா நிக்காத, வசந்தாவைக் கூப்பிடு" என்றார். அவள் மரத்தடியில் புளியோதரையும் தேங்காய்ச் சாதமும் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தாள். "என்னைக் கூப்பிட்டீங்களா, கணக்குக்குக் கூப்பிட்டீங்களாண்ணா?" உன் அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். அது நல்ல நகைச்சுவை, பதிலும் இல்லாதது. ஓரத்தில் நிற்கப் போனவளை நீ இழுத்து உன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாய். நான் பத்து விநாடிக்குள் ஓடிவந்து கிடைத்த இடத்தில் நின்றேன். அவளுக்கு அந்தப் பக்கம்.

ஒரு சம்பவம் உனக்கு ஞாபகம் இருக்காது, அல்லது வேறு மாதிரி ஞாபகம் இருக்கும். உனக்கு ஏழு வயது. என் துறையிலிருந்து மூன்று பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தார்கள். வசந்தா காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். நைட்டியில் இருந்தாள், மேலே துண்டு. "யாருங்க இவங்க?" என்றார் ஒருவர். "வீட்டுல ஒத்தாசைக்கு இருக்காங்க" என்றேன். பொய்கூட இல்லை பார். தரையில் படம் வரைந்துகொண்டிருந்த நீ தலையைத் தூக்காமல், "அது எங்க அத்தை" என்றாய். வந்தவர்கள் காபி நன்றாக இருக்கிறது என்றார்கள். அன்று சாயங்காலம் உன் கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஏழாம் வாய்ப்பாட்டில் ஒரு தப்பு. உன்னை அடித்தேன். கன்னத்தில் விரல் பதிந்தது. நீ இதுவரை கணக்குக்காக அடி வாங்கியதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய், திவ்யாவிடமும் அப்படித்தான் சொன்னாய், என் காதில் விழுந்தது. கணக்குக்காக இல்லை. அடுப்படியிலிருந்து வந்து உன்னைத் தூக்கிக்கொண்டு போனவள் அவள். எதற்கு அடித்தேன் என்று அவளுக்குத் தெரியும்.

இனி அழித்த விதம். உன் கல்யாணம் முடிவானதும் அந்த நெகட்டிவைத் தேடி எடுத்தேன். ஊதித் துடைத்து ஸ்கேன் செய்தேன். எவ்வளவு ஊதினாலும் தூசி இருக்கும். ஸ்கிரீனில் பெரிதாக்கி ஒவ்வொரு புள்ளியாக எடுக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் நல்ல இடத்தை நகல் எடுத்துப் புள்ளியின் மேல் வைப்பது, அவ்வளவுதான் வேலை. முதல் மத்தியானம் ஆகாயத்தையும் தண்ணீரையும் முடித்தேன். இரண்டாம் மத்தியானம் முகங்கள். அவ்வளவு பெரிதாக்கினால் ஒரு படத்தில் என்னென்ன தெரியும் தெரியுமா? உன் அப்பா கேமராவைப் பார்க்கிறார். நான் கேமராவைப் பார்க்கிறேன். நீ தலையைத் திருப்பி அவளைப் பார்க்கிறாய். ஸ்டூடியோ போட்டுக்கொடுத்த சின்னப் படத்தில் நீ ஆற்றைப் பார்ப்பதாக இருபது வருஷம் நினைத்திருந்தேன். உன் கை அவள் புடவையைப் பிடித்திருந்தது. அரக்குச் சிவப்புப் புடவை. மூன்று விரல் துணிக்குள் புதைந்திருந்தது.

அவள் காதோரம் ஒரு தூசி இருந்தது. எடுத்தேன். ரவிக்கையில் ஒரு கறை, மஞ்சள்பொடியாக இருக்கலாம். அதையும் எடுத்தேன். பிறகு தோளுக்குப் பின்னால் கரையோரக் கைப்பிடிக் கம்பியில் ஒரு கீறல். அதை எடுக்கும்போது தோளில் கொஞ்சம் போனது. தண்ணீர் அந்த இடத்தில் நன்றாகப் பொருந்தியது. நிறுத்தியிருக்கலாம். ஒரு பட்டனை அழுத்தினால் எல்லாம் பழையபடி வந்திருக்கும். அழுத்தவில்லை. அவள் முகத்தைக் கடைசியில் எடுத்தேன், முதலில் எடுக்கத் தைரியமில்லை என்று எழுதத் தோன்றுகிறது, ஆனால் தண்ணீரின் அலை அந்த உயரத்தில்தான் கஷ்டமாக இருந்தது, அதனால் கடைசிக்கு வைத்தேன். அவள் ஓரத்தில் நின்றிருந்தால் வெட்டிவிட்டுப் போயிருப்பேன். நடுவில் நின்றவள் போனதும் எனக்கும் உனக்கும் நடுவே ஒரு ஆள் அகலம் வெறும் தண்ணீர். என்னைத் தனியாக வெட்டியெடுத்து உன் பக்கம் நகர்த்தினேன். நான்கு மத்தியானம். இத்தனை வருஷத்தில் உன் பக்கத்தில் வந்து நிற்க நான் அவ்வளவு உழைத்ததில்லை.

உன் கைதான் மசியவில்லை. என் புடவையின் ஒரு பகுதியை எடுத்து உன் விரல்களுக்குள் வைத்துப் பார்த்தேன். என் மேல் வெயில் வேறு பக்கத்திலிருந்து விழுந்திருந்தது, பொருந்தவில்லை. நீ என்னைத் தள்ளுவதுபோல் இருந்தது. ஒரு குழந்தையின் விரல்களைப் புதிதாக வரைய எனக்குத் தெரியாது. சரி, ஸ்கிரீனில் பார்த்தால் யாருக்கும் தெரியாது என்று விட்டுவிட்டேன். குறித்துக்கொள், ஸ்கிரீனில் தெரியாதது பெரிய தாளில் தெரியும். அந்தத் தவறைச் செய்யாதே.

மற்றபடி நான் போட்டதிலேயே சிறந்த பிரிண்ட் அதுதான். புதுத் தண்ணீரின் அந்தச் செம்மண் நிறம், கைப்பிடி நிழலின் கறுப்பு, உன் அப்பாவின் வெள்ளைச் சட்டையில் மடிப்புகூடத் தெரியும். கோடு இல்லை, திட்டு இல்லை. இப்படிப்பட்டதைப் போட்டால் ஒரு நாள் முழுக்க மேலே வெறும் தாள் மூடி உலரவிடு. அவசரப்பட்டுக் கண்ணாடிக்குள் வைத்தால் உள்ளே ஆவி படியும். நான் ஒன்றரை நாள் காத்திருந்தேன். யாரையும் மாடிக்கு வரவிடவில்லை. பிறகு சுருட்டிக் குழாயில் போட்டு, பெரிய கடை வீதிக்குப் பக்கத்தில் ஃபிரேம் போடுகிறவரிடம் கொடுத்தேன். படத்தை மூடிய மாதிரியே கொடுத்து, மூடிய மாதிரியே வாங்குவதாகத் திட்டம். வாங்கி வர வசந்தாவைக் கூட்டிப்போனேன். ஆட்டோவில் அவ்வளவு பெரிய கண்ணாடியை ஒருத்தியாகப் பிடிக்க முடியாது. ஒத்தாசைக்கு ஆள் வேண்டும். பார், அதே சொல்.

கடைக்காரர் பெருமையாகத் துணியை விலக்கி வெளிச்சத்தில் நிறுத்திவிட்டார். "எப்படி மேடம்? இந்த மாதிரி பிரிண்ட்டு நம்ம கடைக்கு வந்ததே இல்ல." நான் வசந்தாவைப் பார்க்கவில்லை. கடையில் சாமி படங்கள் நிறைய இருந்தன, அவற்றைப் பார்த்தேன். அவர் தயங்கினார். "கல்யாணத்துக்குன்னு சொன்னீங்க... மூணு பேரா இருக்கே மேடம், பரவால்லையா? தப்பா எடுத்துக்காதீங்க." நான் வாயைத் திறப்பதற்குள் வசந்தா பேசினாள். "மூணு இல்லங்க, நாலு. நாலாவது ஆளு போட்டோ எடுத்தாங்க. அதான் தெரியல." "அப்படியா! யாரு எடுத்தது?" "நாந்தான்" என்றாள். அவர் திருப்தியாகிச் சணல் கட்ட ஆரம்பித்தார். ஆட்டோ காவிரிப் பாலம் தாண்டியது. கண்ணாடி அவள் மடியில், படம் அவள் பக்கம் பார்த்து. மாம்பழச் சாலை திருப்பத்தில் ஆட்டோ குலுங்கியபோது, "பாத்துப் போப்பா, கண்ணாடி" என்று டிரைவரிடம் சொன்னாள். என்னிடம், "கலர் நல்லா வந்திருக்குண்ணி." அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஆமாம், நன்றாகத்தான் வந்திருக்கிறது என்று.

உன் அப்பா வீட்டில் அதைப் பார்த்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து கிட்டே நின்று பார்த்தார். "மூணு பேரா இருக்கே. அன்னிக்கு வசந்தாவைக் கூப்பிட்டிருக்கலாமே." அவள் அவருக்கு மாத்திரையும் தண்ணீரும் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். கூடப் பிறந்தவள். "நாந்தானேண்ணா எடுத்தேன்" என்றாள். "ஆமால்ல" என்று மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டார். எண்ணிக்கை சரியாகிவிட்டது. மண்டபத்தில் உன் மாமனார் கேட்டபோது அவரே சத்தமாகச் சொன்னார். "என் தங்கச்சி எடுத்தது." எத்தனை பேர் வந்து அவளிடம் பேசினார்கள்! "எந்த கேமராங்க?" "இவ்வளவு நல்லா எடுப்பீங்களா?" அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஐம்பது வயதுக்கு மேல் ஒருத்தி அப்படி வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை. எனக்கு எரிந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். என் படம், என் வேலை, என் தாள். அவளை அதிலிருந்து எடுத்தவளுக்கு அவள் வெளியே நின்று கைதட்டல் வாங்குவதும் பொறுக்கவில்லை.

ஆக, அவள் பார்த்தால் செத்துவிடுவாள் என்று நீ கவலைப்பட வேண்டாம். பார்த்துவிட்டாள். உன் வீட்டுக்கு அனுப்ப பபிள் ஷீட் சுற்றி டேப் ஒட்டியவள் அவள்தான்.

நீ போன் செய்த மறுநாள் காலை, அழிக்காத ஸ்கேனை எடுத்தேன். அது இருக்கிறது. மூலத்தில் கைவைக்காதே, நகல் எடுத்து அதில்தான் எதையும் செய்ய வேண்டும், இதையும் குறித்துக்கொள். என்னை எடுத்துவிட்டு உங்கள் மூன்று பேரையும் வைத்து அனுப்பினால் என்ன என்று ஒரு காபி குடிக்கும் நேரம் யோசித்தேன். அழகாக இருந்திருக்கும். நீ அழுதிருப்பாய். எல்லோரும் என்னைப் பற்றியே பேசியிருப்பார்கள். வேண்டாமென்று விட்டேன். நான்கு பேரையும் அப்படியே போட்டேன். தூசி மட்டும் எடுத்தேன், ரவிக்கையின் கறையை விட்டுவைத்தேன். உலர்ந்ததும் கீழே கொண்டுபோனேன். அவள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கை ஈரம் என்பதால் தொடவில்லை, நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இந்தப் புடவை இப்ப எங்க இருக்கு தெரியுமா? தலகாணி உறையாக் கெடக்கு."

"வசந்தா, நான் செஞ்சது தப்பு."

"தெரியும்."

"இதை அவனுக்கு அனுப்பிடறேன். அதை எறக்கிட்டு இதை மாட்டட்டும்."

"அனுப்பாதீங்க."

"ஏன்?"

"நான் எடுத்த படம்னு ஊருக்கே சொல்லியாச்சு. இனிமே போயி நானே அதுக்குள்ள நிக்க முடியுமாண்ணி? பொய்க்காரின்னு ஆயிடும்."

நான் வாதாடினேன். உண்மை என்று ஒன்று இருக்கிறது என்றேன், அவன் கேட்கிறான் என்றேன். அவள் வெங்காயத்தோலை முறத்தில் ஒதுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். "உங்களுக்கு இப்ப அந்தப் படம் உங்க படமாத் திரும்ப வேணும். அதானே?" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். இருபத்தாறு வருஷம் ஒரே வீட்டில் இருந்தால் ஒருவரைப் பற்றி அவ்வளவு தெரிந்துவிடுகிறது. எனக்கு அவளைப் பற்றி என்ன தெரியும் என்று யோசித்தேன். காபிக்கு ஒன்றரை ஸ்பூன் சர்க்கரை. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "எனக்குக் குடுங்க" என்று வாங்கிப்போனாள். அவள் பீரோவில் புடவைகளுக்கு அடியில் தட்டையாக வைத்தாள். "அங்க பாச்சா உருண்டை போட்டிருக்கே, கலர் போயிடும்" என்றேன். "போகட்டும்" என்றாள்.

அதனால் நீ கேட்ட படம் வராது. சுவரில் இருப்பது சுவரிலேயே இருக்கட்டும். உனக்குப் பார்க்கக் கூசும். கூசட்டும். தையில் அவள் வரும்போது அதைக் கழற்றி ஒளித்துவைத்து அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொள்ளாதே. உன் நண்பர்கள் வந்தால் அவளைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தி, எங்க அத்தை எடுத்த படம் என்று சொல். திவ்யாவிடமும் அதையே சொல். உண்மை பேசுவது உனக்குப் பிடிக்கும், செலவில்லாத இடங்களில். இந்தப் பொய் உனக்குச் செலவு வைக்கும், அதனால்தான் சொல்லச் சொல்கிறேன். கையைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வதென்று அவளிடமே கேட்டேன். "பொரி வச்சிருந்தான்னு சொல்லச் சொல்லுங்க" என்றாள்.

உன் கல்யாணப் படங்களைப் போடு. நன்றாகப் போடு. பெரிதாக்கும்போது நிதானமாகப் பார், ஓரங்களில் நிற்பவர்களை, பந்தி பரிமாறிக்கொண்டே படத்தில் பாதி விழுந்தவர்களை. சட்டத்துக்குள் இடைஞ்சலாகத் தெரிகிற கை யாருடையது என்று தெரிந்துகொள்ளாமல் வெட்டாதே. வெட்டினால், வெட்டினேன் என்று சொல்லக் கற்றுக்கொள். எனக்கு ஐம்பத்தேழு வயது ஆனது, அதுவும் நீ போனில் கேட்டபிறகு. திவ்யாவுக்குக் கண் கூர்மை. அவளைக் கேள்வி கேட்க விடு. இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

இதை எழுதி முடித்ததும் வசந்தாவிடம் கொடுத்தேன். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தாள். ஒரு மணி நேரம் ஆனது. ஒரு பத்தியில் விரலை வைத்து, "இது அவனுக்கு எதுக்கு?" என்றாள். தொட்டியத்தில் புருஷன் வீட்டை விட்டு அவள் ஏன் நம்மிடம் வந்தாள் என்று எழுதியிருந்தேன். இந்தக் கடிதத்திலேயே நன்றாக வந்திருந்த பத்தி அதுதான். எடுத்துவிட்டேன். மீதியைப் புதிதாகப் பிரதி எழுதி, பழையதை அவளிடமே கொடுத்துவிட்டு, தபால் ஆபீஸ் மூடுவதற்குள் நடந்துபோய்ச் சேர்க்கப்போகிறேன்.